பிளைவூட் வளைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வெடிக்கிறது, எங்கே பிழை?

முள்ளியவளை ஓடாவி மகன்:

எல்லாருக்கும் வணக்கம். முள்ளியவளையில் அப்பாவின் பட்டறையில் வேலை செய்கிறேன். அப்பா முதிரை, பாலை, தேக்கு என்று முழு மரத்தில் கை பழகியவர். பிளைவூட்டை மரம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், "கடதாசி" என்பார். போன வருடம் நான் பிடிவாதம் பிடித்து 8 அடிக்கு 4 அடி மேசை உள்ள பழைய சி.என்.சி மெசின் (கணினியில் கீறிய படத்தின்படி தானாக வெட்டுகிற மெசின்) ஒன்று வாங்கினோம். இதுவரை அதில் வெட்டியதெல்லாம் கதவுக்கு மயில், சாமி அறைக்கு ஓம், மணவறைக்குப் பூவேலை. இந்தப் பக்கம் மெசின் வைத்திருக்கிற எல்லாருக்கும் இதே மயில்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது புதுக்குடியிருப்பில் ஒரு கூல் பாருக்கு முன் கவுண்டர் செய்யக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மூலையும் உருண்டையாக வர வேண்டும். வெளி ஆரை 200 மில்லி, 90 பாகை வளைவு. யூடியூப்பில் பார்த்தபடி 18 மில்லி பிளைவூட்டின் உள்பக்கத்தில் வரிசையாகக் காடி (ஒடுக்கமான நீளப் பள்ளம்) வெட்டி, வெளிப்பக்கம் 2 மில்லி தோல் மட்டும் விட்டு மடிக்கப் பார்த்தேன். காடி ஆழம் 16 மில்லி. அந்த வீடியோவில் ஒரு கணக்கும் சொன்னார்கள்: 90 பாகைக்கு 1.57ஐ ஆழத்தால் பெருக்கினால் 25 மில்லி, அதை வெட்டின் அகலம் 3ஆல் பிரித்தால் 8 காடி. நானும் 8 வெட்டினேன். என்னிடம் இருப்பது 6 மில்லி பிட் (மெசினில் சுழன்று வெட்டுகிற அலகு).

நடந்தது இதுதான். முதல் சீற் ஒருமாதிரி வளைந்தது, ஆனால் வட்டமாக இல்லை, தடவினால் மூலை மூலையாகக் கையில் படுகிறது. இரண்டாவது சீற் மேலிருந்து கீழ்வரை "படக்" என்று வெடித்தது. மூன்றாவது ஒரு நுனியில் நல்லாக வளைந்து, மற்ற நுனியில் வெடித்தது. மூன்றும் ஒரே கடை, ஒரே நாள் வாங்கியது, ஒரே பைலில் வெட்டியது. அப்பா பக்கத்தில் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருக்கிறது.

பிழை பலகையிலா, மெசினிலா, என்னிலா? இதை லேசரில் கொடுத்து வெட்டினால் சரிவருமா? யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டிக்கர் கடையில் லேசர் இருக்கிறது, ஆனால் 6 மில்லிக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். இன்னொன்றும் மனதில் இருக்கிறது: இந்தக் கவுண்டர் சரிவந்தால் இதே முறையில் கிண்ணம் மாதிரிக் குழிந்த இருக்கை உள்ள கதிரை செய்யலாமா?

மாங்குளத்தான்:

தம்பி, எதற்கு மினக்கெடுகிறீர்கள்? 3 மில்லி பிளைவூட் மூன்றை எடுங்கள். தடியும் பலகையும் அடித்து வளைவுக்கு ஒரு அச்சுச் செய்யுங்கள். மூன்றுக்கும் நடுவில் பசை பூசி அச்சில் சுற்றி, மோட்டார்சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அவிழ்த்தால் கல் மாதிரி நிற்கும். மெசினும் வேண்டாம் கணக்கும் வேண்டாம். நான் இரண்டு ஆஸ்பத்திரி மேசை இப்படித்தான் செய்து கொடுத்தேன்.

பரந்தன் அக்கா:

மாங்குளத்தார் சொன்னதில் பிழை இல்லை. ஒரு கவுண்டர், இரண்டு மூலை என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் தம்பி கேட்டது அது இல்லையே, மூன்று சீற் மூன்று விதமாக ஏன் நடந்தது என்றுதான் கேட்கிறார். அதற்குப் பதில் தெரியாமல் விட்டால் நாளைக்கு மயில் வெட்டும்போதும் இதே பிழை வரும், மயிலில் அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் முதலில் தச்சுக்காரி இல்லை. கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் 6 வருடம் பற்றன் வெட்டும் பிரிவில் இருந்தேன். பிறகுதான் மச்சானின் மரப் பட்டறைக்கு வந்து மெசினுக்குப் படம் கீறப் பழகினேன். அதனால் எனக்கு எல்லாம் துணியாகத்தான் தெரியும், குறை நினைக்காதீர்கள்.

முதலில் தோல். நீங்கள் மெசினுக்கு இசட் சைபர், அதாவது உயரத்தை அளக்கத் தொடங்குகிற புள்ளி, எங்கே வைத்தீர்கள்? பலகையின் மேல்முகத்தில் என்று நினைக்கிறேன், எல்லாரும் அங்கேதான் வைக்கிறோம். மயில் வெட்ட அது சரி. இந்த வேலைக்கு அதுதான் நஞ்சு. கடையில் 18 என்று தருகிற சீற்றை வேர்ணியரால் அளந்து பாருங்கள். 18 இருக்காது, 17.2 இருக்கும், 17.8 இருக்கும், ஒரே கட்டுக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக இருக்கும். மேலிருந்து 16 இறங்கினால் 17.8இல் 1.8 மிஞ்சும், 17.2இல் 1.2தான் மிஞ்சும். உங்களுக்கு வேண்டியது காடியின் ஆழம் இல்லை, மிஞ்சுகிற தோல். ஆனபடியால் தோல் இருக்கிற பக்கத்திலிருந்து அளக்க வேண்டும், அதாவது மேசையிலிருந்து. சைபரை மேசையில் வையுங்கள். பைலில் கடைசி ஆழத்தை "பலகையிலிருந்து 16 கீழே" என்று எழுதாமல் "மேசையிலிருந்து 2 மேலே" என்று எழுதுங்கள். பிட் தொடங்குகிற உயரத்தை மட்டும் உங்களிடம் உள்ள ஆகத் தடித்த சீற்றுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாதியில் கரண்ட் போய் வந்தால், மேல்முகம் வெட்டுப்பட்டுக் கிடந்தாலும் உயரத்துக்கு மேசை அப்படியே இருக்கும், திரும்பச் சைபர் எடுக்கலாம்.

உங்கள் இரண்டாவது சீற் முழுதாக வெடித்ததற்கு இதுதான் காரணம் என்று என் ஊகம். அது மெல்லிய சீற்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஒரு நுனியில் மட்டும் வெடித்தது வேறு கதை. ஒரே சீற்றுக்குள் தோல் மாறுகிறது என்றால் ஒன்றில் மேசை சமமில்லை, அல்லது சீற் மேசையில் முட்டாமல் எழும்பி நிற்கிறது. தகரக் கொட்டிலுக்குள் சுவரில் சாத்தி வைத்த சீற் வில்லாக வளைந்துதான் இருக்கும். அடியில் 1 மில்லி காற்று இருந்தால் அந்த இடத்தில் உங்கள் 2 மில்லித் தோல் 1 மில்லியாகிவிடும். அதற்கு மேல், தூளை மேலே இழுத்து எறிகிற பிட் போட்டிருந்தால் அது பலகையையும் சேர்த்துத் தூக்கும். நான் செய்வது: மேசையின் மேல் ஒரு எம்.டி.எஃப் பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பூட்டி, அகலமான பிட்டால் அதன் முகத்தை அந்த மெசினாலேயே ஒருமுறை முழுக்கச் சீவி எடுப்பேன். பிறகு காடி வருகிற பகுதிக்கு இரண்டு பக்கமும் ஸ்குரூ அடித்து அமத்துவேன். ஓரத்தில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடு எழும்பும்.

இனி 8 காடிக் கணக்கு. அந்தக் கணக்கு பிழை இல்லை, ஆனால் அது வட்ட வாளுக்குரிய கணக்கு. 3 மில்லி வாய், மடிக்கும்போது வாய் முழுதாக மூடி உதட்டோடு உதடு முட்டி நிற்கும், அவ்வளவு மூடினால் 90 பாகை வரும் என்பதுதான் அதன் பொருள். உங்கள் பிட் 6 மில்லி. வாய் முழுதாக மூட வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஒவ்வொரு காடியிலும் எத்தனை பாகை மடிகிறது? 90ஐ 8ஆல் பிரித்தால் 11 பாகைக்கு மேல். காடிக்கும் காடிக்கும் நடுவில் உள்ள பலகைத் துண்டு மடியாது, கட்டையாகத்தான் நிற்கும். அந்த 11 பாகை முழுவதையும் 6 மில்லி அகலத் தோல் தாங்க வேண்டும். தோல் எப்படித் தாங்கும்?

சட்டைக்கு டாட் பிடிப்பதை, அதாவது உடம்பின் வளைவுக்குத் துணியைக் கூராக மடித்துத் தைப்பதை, யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய டாட் பிடித்தால் அதன் முனை கூராக நிற்கும், எவ்வளவு அயர்ன் பண்ணினாலும் போகாது. அதே அளவுத் துணியைப் பத்துச் சின்னச் சுருக்காகப் பிரித்து எடுத்தால் தோள் உருண்டையாக விழும். உங்கள் 200 ஆரைக்கு வெளி வில்லின் நீளம் 314 மில்லி. அதற்குள் 22 காடி வையுங்கள். 14 மில்லிக்கு ஒன்று வரும், நடுவில் 8 மில்லி கட்டை நிற்கும். ஒவ்வொன்றும் 4 பாகைதான் மடியும். மூலை கையில் படாது, தோலும் தப்பும். மெசின் நேரம் கூடும், பரவாயில்லை, நீங்களா நின்று அறுக்கிறீர்கள்?

நார் ஓட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் நான் ஆகக் கூட ஏமாந்தேன். பிளைவூட்டில் ஒரு படையின் நார் ஒரு பக்கம் ஓடினால் அடுத்த படையின் நார் அதற்குக் குறுக்கே ஓடும், தெரியும்தானே. மடிக்கிற தோலில் நார் வளைவைச் சுற்றி ஓட வேண்டும், காடிக்குச் சமாந்தரமாக ஓடினால் விறகு பிளக்கிற மாதிரிப் பிளக்கும். ஆகவே முகத்து நார் காடிக்குக் குறுக்கே வர வேண்டும் என்று படித்தேன், அப்படியே வெட்டினேன், வெடித்தது. பிறகு ஓரத்தைப் பார்த்தால், மலிவுச் சீற்றில் முகப் படை வெங்காயத் தோல் மாதிரி, அரை மில்லிகூட இல்லை. 2 மில்லித் தோலில் முக்கால் பங்கு இரண்டாவது படைதான், அதன் நார் காடியோடு சேர்ந்து ஓடுகிறது! பேர்தான் முகம், பாரம் தாங்குவது பின்னால் நிற்பது. அதற்குப் பிறகு எந்தச் சீற் வந்தாலும் 4 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு, ஒன்று நீளவாட்டில் ஒன்று குறுக்காக, காடி வெட்டி மடித்துப் பார்த்த பிறகுதான் முழுச் சீற்றில் கை வைப்பேன். சீற்றின் உள்ளே பொக்கை இருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். பொக்கை வந்த சீற்றை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம், அலுமாரியின் பின்பலகைக்கு வையுங்கள்.

மடிக்கும்போது வெளிமுகத்தில் அகலமான பார்சல் ரேப்பை இழுத்து ஒட்டுங்கள், மடிப்பு முடியும்வரை தோலைப் பிடித்து வைத்திருக்கும். ரேப் ஒட்ட முன்பே சுடுநீரில் பிழிந்த துணியை அந்த முகத்தில் கால் மணித்தியாலம் போட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மெல்ல மடியுங்கள். அச்சில் சுற்றியதும் காடிகளுக்குள் மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பி, உள்பக்கத்தில் ஒரு 3 மில்லிப் பிளைவூட்டை ஒட்டினால் வளைவு பூட்டிக்கொள்ளும். மாங்குளத்தாரின் ரியூப் நாடா இங்கேயும் உதவும். உள்பக்கத்துக்கும் கட்டாயம் வார்ணிஷ் பூசுங்கள். சோளகக் காற்றில் காய்ந்த நேரம் ஒரு சலூனுக்குச் செய்து கொடுத்தேன், வெளியே மட்டும் பூசினேன். கார்த்திகை மழைக்கு உள்ளே ஈரம் குடித்து, ஒவ்வொரு காடியும் வெளிமுகத்தில் விலா எலும்பு மாதிரித் தெரிந்தது. காசைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் முடி வெட்டப் போகிற எல்லாரிடமும் அதைக் காட்டுகிறாராம்.

லேசர் வேண்டாம். 18 மில்லிக்கு அந்தக் கடை லேசர் போதாது, போதுமாக இருந்தாலும் ஆழத்தை இப்படிக் கட்டுப்படுத்த முடியாது.

சூரிச் தச்சன்:

நான் விசுவமடு, இப்போது சுவிஸில் ஒரு தளபாடப் பட்டறையில் 14 வருடமாக வேலை. அக்கா எழுதியதை இங்கே எங்கள் பயிலுநர்களுக்கு மொழிபெயர்த்துக் காட்டலாம் போல இருக்கிறது, டாட் கதையோடு சேர்த்து. நான் இரண்டு விஷயம் மட்டும் கூட்டுகிறேன்.

லேசருக்கும் ஒரு இடம் உண்டு. 3, 4 மில்லி பிளைவூட்டில் மறுபக்கம் வரை போகிற வெட்டாக, செங்கல் அடுக்குகிற மாதிரி ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை தள்ளித் தள்ளிக் கீறு போட்டால் பலகை துணி மாதிரி ஆடும். அதில் மரம் மடிவதில்லை, முறுகுகிறது: கீறுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு மெல்லிய கீலமும் கொஞ்சம் கொஞ்சம் முறுகி, எல்லாம் சேர்ந்துதான் வளைவாகிறது. கீறு நீளமாகவும் கீலம் ஒடுக்கமாகவும் இருந்தால் லேசாக வளையும், அதே அளவுக்குப் பலமும் போகும். சுவிஸில் டுக்தா என்ற பெயரில் கீறு போட்டு வளையும்படி ஆக்கிய பலகைகள் செய்கிறார்கள், அறைத் தடுப்பு, கூரைப் பலகை, விளக்கு மூடி போன்றவற்றுக்கு. கூல் பார் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவன் முழங்காலால் முட்டுவான், சைக்கிள் சாத்துவான். அங்கே இது வேண்டாம். கடைக்குள்ளே விளக்குக்கு ஒரு மூடி செய்து கொடுங்கள், சந்தோஷப்படுவார்கள். ஒன்று கவனியுங்கள்: தண்ணீர் தாங்குகிற பசை போட்ட பிளைவூட்டை லேசர் சுத்தமாக வெட்டாது, பசை இருக்கிற இடமெல்லாம் கருகும்.

மற்றது உங்கள் கிண்ணக் கதிரை. காடி முறையில் பலகை ஒரு திசையில்தான் வளையும். கிண்ணம் என்றால் ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் வளைய வேண்டும், தட்டையான தாளைத் தேங்காயில் சுற்றிப் பாருங்கள், எங்கேயோ சுருங்கும் அல்லது கிழியும். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற கணவன் மனைவி இதோடு வருடக் கணக்காக மல்லுக்கட்டினார்கள். கதிரைக்கு முன்பு அவர்கள் தொகையாகச் செய்தது கதிரை இல்லை, கடற்படைக்கு 1942இல் செய்யத் தொடங்கிய, காயப்பட்ட கால் அசையாமல் கட்டுகிற சிம்பு. மெல்லிய மரத் தகடுகளைப் பசையோடு அச்சில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் காலின் வடிவத்துக்கே வளைத்தார்கள். அதில் இருக்கிற நீளத் துவாரங்கள் அழகுக்கு இல்லை, அந்த இடத்தில் மரம் கிழியாமல் இருக்க விட்ட இடம், பிறகு கட்டுப் போடவும் உதவியது. அந்தச் சிம்பை இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் பார்த்தபோது கனநேரம் நின்றுவிட்டேன். 2010இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவன் நான், காலுக்கு வளைத்த பொருள் எதைக் கண்டாலும் அளவெடுத்துப் பார்க்கிற பழக்கம்.

ஆகவே குழிந்த இருக்கையை இப்போதைக்கு விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வளைந்த முதுகு போதும், இருக்கிறவருக்குச் சுகம். கால் வளைக்க விருப்பம் என்றால் பின்லாந்துக்காரர் அல்வார் ஆல்ட்டோவின் 1933ஆம் ஆண்டு முக்காலி ஒன்று இருக்கிறது, அதன் காலைத் தேடிப் பாருங்கள். பேர்ச் மரக் காலின் நுனியில் நீளவாட்டில் வாளால் பல கீறு போட்டு, கீறுகளுக்குள் பசை பூசிய மெல்லிய தகடுகளைச் செருகி, செங்கோணத்துக்கு வளைப்பார்கள். அந்த இடம் மட்டும் பிளைவூட் மாதிரி ஆகிவிடும், மற்றப்படி முழு மரம். உங்கள் அப்பாவுக்கு இது பிடிக்கும். முதிரையில் முயலாதீர்கள், வளையாது, அதோடு அதற்குப் பெர்மிட் எடுத்து ஏற்றி வந்த பிறகு நெருப்பு விறகாக்க மனம் வராது.

மாங்குளத்தான்:

22 காடி ஒரு மூலைக்கு. இரண்டு மூலைக்கு 44. தம்பி, ரியூப் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது.

முள்ளியவளை ஓடாவி மகன்:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்திவிட்டது, இரண்டு நாள் கரண்ட் இல்லை.

உடைந்த துண்டுகளை எறியாமல் வைத்திருந்தேன். வேர்ணியர் இரவல் வாங்கி அளந்தேன். முதல் சீற் 17.9, வெடித்த இரண்டாவது 17.2. அக்கா பக்கத்தில் நின்று பார்த்த மாதிரித்தான் இருந்தது. மூன்றாவதில் வளைந்த நுனியில் தோல் 1.9, வெடித்த நுனியில் 1.1. மேசையில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் சட்டத்துக்குக் கீழே ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது. பழைய மெசின் விற்றவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எம்.டி.எஃப் பூட்டி முகம் சீவினேன். பட்டறை முழுக்கத் தூள், அம்மா காயப்போட்ட மிளகாயில் படிந்து அதற்கு ஒரு பேச்சு வாங்கினேன். பிறகு 4 அங்குலத் துண்டு இரண்டும் வெட்டினேன். என் சீற்றிலும் முகப் படை மிக மெல்லியது. முகத்து நார் காடியோடு ஓடுகிற துண்டுதான் நல்லாக வளைந்தது, முகத்தில் மயிர்க்கீறு ஒன்றிரண்டு விழுந்தது, அதற்கு மேல் ஃபோர்மைக்கா ஒட்டுவதால் கவலை இல்லை. மற்றத் துண்டு 60 பாகையில் போய்விட்டது.

நேற்று 22 காடியோடு முழு மூலை ஒன்று வெட்டினோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. ஈரத்துணி, ரேப், அச்சு, மாங்குளத்து அண்ணையின் முறையில் ரியூப். மடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. நான் கூப்பிட முதலே அப்பா எழும்பி வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். "மெல்ல, மெல்ல, நார் கதைக்குது" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆனால் அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன், துணியை இன்னொரு தரம் நனைத்துப் போட்டோம், பிறகு முழுதாகச் சுற்றியது. இன்று காலை அவிழ்த்தோம். கொஞ்சம் விரிந்தது, 3, 4 பாகை இருக்கும், உள்ளே 3 மில்லிப் பலகை ஒட்டும்போது இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். இல்லை, அச்சை அவ்வளவுக்குக் கூட்டி வளைக்க வேண்டுமா, அக்கா?

அப்பா வளைவைத் தடவிப் பார்த்துவிட்டு இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. வேர்ணியரை மட்டும் எடுத்துத் தன் உளிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். இரவல் கொடுத்தவருக்கு நான் இனி என்ன சொல்வது?

பரந்தன் அக்கா:

அச்சைக் கூட்டித்தான் வளைக்க வேண்டும். அடுத்த மூலைக்கு 90க்குப் பதில் 94க்கு அச்சுச் செய்யுங்கள். ஏற்கெனவே வளைத்ததை உள்பலகை ஒட்டும்போது இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம், பசை முழுதாகக் காயும்வரை அவிழ்க்காதீர்கள். வேர்ணியர் புதிதாக ஒன்று வாங்குங்கள், அதைத் திருப்பிக் கேட்கப் போக வேண்டாம்.